பெட்டி பதினொன்றில் என் கடிதங்கள்

நாவலூர்
9 செப்டம்பர் 2024

வெண்கரை அரிய நூலகம், மாமல்லபுரம்
ஆவணப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பொதுப்பணித் துறையில் கண்காணிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற திரு. பக்தவச்சலம் அவர்களின் மனைவி. ஆறு வருஷத்துக்கு முன் அவர் தன் காகிதங்களையெல்லாம் உங்கள் நூலகத்துக்குக் கொடுத்தார். ஏரி, மதகு, அணை வரைபடங்கள், அரசாணை நகல்கள், டைரிகள், அவருக்கு வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. மதுராந்தகம் வீட்டை விற்றுவிட்டு மகன் இருக்கும் அடுக்குமாடியிலேயே தனி வீட்டுக்கு வரவேண்டியிருந்ததால் இடம் காலியானதில் எனக்கு அன்று சந்தோஷம்தான்.

அந்த வேனில் என்னவெல்லாம் போயிற்று என்பது போன வாரம்தான் தெரிந்தது. வரும் பிப்ரவரியில் அவருக்கு எண்பது முடிகிறது. அதையொட்டி உங்கள் நூலகத்தில் ஒரு கண்காட்சி, ஒரு மலர் என்று மகன் கார்த்தி சொன்னான். உங்கள் பட்டியலை லேப்டாப்பில் காட்டினான். "பாரும்மா. பெட்டி பதினொன்று, மனைவி ஞானம்பாள் எழுதிய கடிதங்கள், 1978-79. அப்பா ஒண்ணுகூட விடாம வெச்சிருக்கார். இதுல அஞ்சு லெட்டரை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில வைக்கப்போறோம். லவ் லெட்டர்ஸ்" என்று சிரித்தான். மருமகள் அனுவும் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அந்தக் கடிதங்களைக் காட்சிக்கு வைக்கக் கூடாது. எனக்குத் திருப்பித் தந்துவிடுங்கள். அவர் கொடுத்ததில் மற்றதெல்லாம் அவருடையது, இது என்னுடையது. அவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பலாம் என்றால் இரண்டு வருஷமாக அவருக்கு நினைவு சரியில்லை. என்னை ஆபீஸ் பியூன் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்.

பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். கீழே இருக்கும் தபால் பெட்டியின் சாவி மகனிடம் இருக்கிறது. போனும் வேண்டாம். என் போனில் வருவதெல்லாம் அவன் கணினியிலும் வரும். அப்பாவின் மருந்து, டாக்டர் விஷயம் எதுவும் தவறிவிடக் கூடாதென்று அவன் செய்த ஏற்பாடு. எங்கள் கேட் வாசலில் மீன் விற்கும் மாரியம்மாவின் கோவளம் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். அவளிடம் வந்தால் என்னிடம் வந்துவிடும்.

இப்படிக்கு,
ஞானம்பாள்


வெண்கரை அரிய நூலகம், மாமல்லபுரம்
19 செப்டம்பர் 2024

அம்மையீர்,

தங்கள் 9.9.2024 நாளிட்ட கடிதம் பெறப்பட்டது. 'பக்தவச்சலம் தாள்கள்' தொகுப்பு கொடைப் பத்திரத்தின் வழியாக இந்நூலகத்துக்கு முழுமையாக வழங்கப்பட்டுள்ளது. அப்பத்திரத்தின்படி, தனிப்பட்ட தாள்களை மூடி வைக்கவோ, திறக்கவோ, திரும்பப் பெறவோ கொடையாளர் ஒருவருக்கே உரிமை உண்டு. அவர் இயலாத நிலையில் அவ்வுரிமை அவர் மகன் திரு. கார்த்திகேயனைச் சேரும். எனவே தங்கள் கோரிக்கையை அவர் வழியாக அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

செயலர் திரு. அப்பாசாமி அவர்களின் ஒப்புதலுடன்,
ஜாய்ஸ்
ஆவணக் காப்பாளர்


செங்கல்பட்டு
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அம்மா,

நூலகத்திலிருந்து வந்த கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான். சொற்கள் செயலருடையவை. இதை என் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கே யாருக்கும் தெரியாது.

உங்கள் கடிதங்களை நான் படித்திருக்கிறேன். இதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் எழுதுவது நியாயமில்லை. பட்டியல் போட வேண்டுமென்றால் படித்தாக வேண்டும். யார் எழுதியது, யாருக்கு, எப்போது, எதைப் பற்றி. 'எதைப் பற்றி' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, கடைசியில் 'குடும்ப விஷயங்கள்' என்று எழுதினேன். உங்கள் மகன் அதைக் காதல் கடிதம் என்று நினைத்துக்கொண்டதற்கு நானும் காரணம்.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. மாலையில் மாமல்லபுரத்திலிருந்து பேருந்து ஏறினால் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை உங்கள் வரிகள் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போனதும் என் கணவர் ரோஹித் ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்பார். ஒன்றுமில்லை என்பேன்.

ஒன்று கேட்கலாமா? அந்தத் தொகுப்பில் நீங்கள் எழுதியவை மட்டும்தான் இருக்கின்றன. அவர் உங்களுக்குப் பதில் எழுதினாரா?

உங்கள்,
ஜாய்ஸ்


நாவலூர்
3 அக்டோபர் 2024

ஜாய்ஸ் அவர்களுக்கு,

மாரியம்மா உங்கள் இரண்டு கடிதங்களையும் ஒரே பாலிதீன் பையில் போட்டுக் கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். "இன்னாமா, ஒண்ணு சர்க்கார் தபாலு மாரி கீது. எனக்குப் படிக்க வராதுன்னுதான என் அட்ரஸ குடுத்த?" என்றாள். ஆமாம் என்றேன். "அதுவும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு வஞ்சிரத்தை நறுக்க உட்கார்ந்தாள்.

நீங்கள் படித்தீர்கள் என்றதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதிலே எழுதக் கூடாதென்று இருந்தேன். இப்போது சமையலறை மேடையில் வைத்து, நின்றுகொண்டு எழுதுகிறேன். கூடத்திலும் அவர் அறையிலும் கார்த்தி கேமரா வைத்திருக்கிறான். அவர் எழுந்து நடந்து எங்காவது விழுந்துவிடக் கூடாதே என்பதற்காக. நான் சோபாவில் உட்கார்ந்து எதையாவது எழுதினால் அவன் அலுவலகத்திலிருந்து போன் வரும். "என்னம்மா எழுதுற?" அன்பாகத்தான் கேட்பான். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் கஷ்டம்.

பதில் வந்ததா என்று கேட்டீர்கள். வரவில்லை. அப்போது அவருக்குத் தேனிப் பக்கம் அணை வேலை. மாதம் ஒரு கார்டு மாமனார் பேருக்கு வரும். 'அனைவரும் நலமென நம்புகிறேன்.' அந்த அனைவரில் நானும் ஒருத்தி. என் கடிதங்களைப் பிரித்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் முகாம் மாறிக்கொண்டே இருந்ததால் தபாலில் தொலைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துத்தான் அவரோடு குடித்தனம் நடத்தினேன்.

நீங்கள் படித்துவிட்டதால் இனி மறைக்க ஒன்றுமில்லை. நான் கணக்கில் பி.எஸ்சி., பி.எட். படித்தவள். கல்யாணமான மறு வருஷம் கருங்குழிப் பள்ளியில் வேலைக்கு உத்தரவு வந்தது. "அவன் சம்மதம் வரட்டும்" என்றார் மாமனார். எழுதினேன். வரவில்லை. மறுபடி எழுதினேன். இடையில் அவர் பொங்கலுக்கு வந்து போனார். நேரில் கேட்டபோது "யோசிச்சு எழுதறேன்" என்றார். அவர் போன பிறகு எனக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்தது. யாருக்கும் சொல்லாமல் லேடி டாக்டரிடம் போனேன். இந்தக் குழந்தை இப்போது வேண்டாம், வேலையில் சேர்ந்து கொஞ்ச காலம் போகட்டும் என்றேன். வீட்டுக்காரர் கையெழுத்துக் கொண்டுவா என்றார் அந்த அம்மா. அதையும் அவருக்கு எழுதினேன். வாரா வாரம் எழுதினேன். நாளாகிவிட்டது. வேலையும் வேறொருத்திக்குப் போனது. கார்த்தி பிறந்தான்.

அப்படிக் கேட்டதைத் தப்பென்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அவன் அதைப் படிக்கக் கூடாது. தன்னை வேண்டாம் என்று அம்மா கையெழுத்தில் படித்த பிள்ளையிடம் போய் நான் என்ன விளக்கம் சொல்ல முடியும்?

சனிக்கிழமை மாரியம்மா மாமல்லபுரத்துக்கு அவள் தங்கை வீட்டுக்கு வருகிறாள். அந்தக் கடிதக் கட்டை எடுத்து அவளிடம் கொடுத்துவிடுங்கள். யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஞானம்பாள்


செங்கல்பட்டு
14 அக்டோபர் 2024

அன்புள்ள அம்மா,

சனிக்கிழமை மாரியம்மா வந்தார். வாசலில் நின்று, "குடு தாயி, நான் பத்திரமா எடுத்துனு போறேன்" என்று கை நீட்டினார். வெறும் கையோடு அனுப்பினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மனதில் இருக்கிறது.

என்னால் எடுத்துத் தர முடியாது. பயமும் ஒரு காரணம். என் வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. ஆனால் பயம் மட்டுமில்லை. இன்று உங்களுக்காக ஒன்றை எடுத்தால், நாளைக்கு இன்னொருவர் தனக்கு ஆகாததை எடுக்கச் சொல்வார். அப்படிக் கேட்கிற பலம் உங்களைப் போன்றவர்களைவிட உங்கள் கணவரைப் போன்றவர்களுக்குத்தான் அதிகம். அவர்களிடம் முடியாது என்று சொல்ல வேண்டுமானால் உங்களிடமும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இன்னொன்றை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். கடிதங்கள் தொலைந்திருக்கும் என்று நினைத்ததாக எழுதியிருந்தீர்கள். தொலையவில்லை அம்மா. எல்லாம் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் இடது மூலையிலும் வந்து சேர்ந்த தேதி. கீழே பச்சை மையில் அவர் சுருக்கொப்பம், பக்கத்தில் 'பார்த்தேன். கோப்பில் வைக்கவும்.' டாக்டர் கையெழுத்துக் கேட்ட கடிதத்திலும் அதேதான்.

வேறு ஒரு வழி இருக்கிறது. செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் என் தோழி ஸ்ரீதேவியிடம் பேர் சொல்லாமல் கேட்டேன். காகிதம் நூலகத்துக்குச் சொந்தம். ஆனால் அதில் இருக்கும் வாசகம் எழுதியவருக்குச் சொந்தம். உங்கள் சம்மதம் இல்லாமல் மலரில் அச்சிட முடியாது, நகலெடுத்து மாட்ட முடியாது. அசலைக் காட்சிக்கு வைப்பதையும் சேர்த்து எதிர்க்கலாம் என்கிறாள். நீங்கள் கையெழுத்துப் போட்டுச் செயலருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். ஆனால் அதன் நகல் உங்கள் மகனுக்குப் போகும். மறைவாகச் செய்ய வழியே இல்லை.

அடுத்த மாதம் உங்கள் மகன் பெட்டியைப் பார்க்க வருகிறார். ராமபாணப் பூச்சி அரிக்கிற பெட்டிகளை மருந்துப் புகை அறையில் அடைத்து வைப்போம். வைத்துவிட்டால் பல வாரம் திறக்கமாட்டோம். பெட்டி பதினொன்றுக்கு இப்போது முறை வந்துவிட்டதாக எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஜாய்ஸ்


நாவலூர்
30 அக்டோபர் 2024

ஜாய்ஸ்,

தபாலில் தொலைந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்த நினைப்பு எனக்கு வேண்டியிருந்தது. நீ யார் அதை எடுக்க?

உன் கடிதம் வந்த அன்று அவருக்குச் சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். "நான் அனுப்பின லெட்டர் வந்துச்சா?" என்று கேட்டேன். என்னை ஏறிட்டுப் பார்த்து, "டேபிள்ல வெச்சிட்டுப் போ" என்றார். வாயைத் துடைத்துவிட்டேன். கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்தேன், கார்த்தி பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்காக.

மறைவாகக் கேட்டேன், முடியாது என்றாய். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல் என்கிறாய். அது உனக்கு லேசு. உன் வழி எனக்கு வேண்டாம். இனி எழுதாதே.

ஞானம்பாள்


செங்கல்பட்டு
6 ஜனவரி 2025

அன்புள்ள அம்மா,

எழுதாதே என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை, மன்னியுங்கள்.

நவம்பரில் கார்த்தி சார் வந்தார். பெட்டி புகை அறையில் இருக்கிறது என்றேன். டிசம்பரில் மறுபடி வந்தார். மறுபடியும் அதையே சொன்னேன். அவர் செயலரிடம் போனார். அப்பாசாமி சார் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, ஒரு பெட்டிக்கு மட்டும் இம்மாம் பூச்சி எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார். பெட்டியை அன்றே வெளியே எடுக்கச் சொல்லிவிட்டார்.

இந்த மாதம் இருபதாம் தேதி உங்கள் மகன் வாசிப்பறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்து ஐந்தைத் தேர்ந்தெடுக்கப் போகிறார். அவரை மிகவும் நல்லவராகத்தான் பார்த்தேன். "எங்க அம்மா கையெழுத்து ரொம்ப அழகா இருக்கும்" என்று என்னிடம் சொன்னார்.

ஜாய்ஸ்


நாவலூர்
13 ஜனவரி 2025

ஜாய்ஸுக்கு,

இன்று போகி. எரிக்க நினைத்ததை நீ தரவில்லை. இங்கே அடுக்குமாடியில் எதையும் எரிக்கவும் விடமாட்டார்கள்.

உன் மேல் கோபம் தீரவில்லை. ஆனால் இத்தனை நாளாக யோசித்ததில் ஒன்று புரிந்தது. அவன் அதைப் படிக்கத்தான் போகிறான். தனியாகப் படிக்கப்போகிறானா, நான் பக்கத்தில் இருக்கும்போதா என்பது மட்டும்தான் என் கையில் இருக்கிறது. "நானும் வர்றேன்டா இருபதாம் தேதி" என்றேன். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று அப்பாவைப் பார்த்துக்கொள்ள அனு லீவு போடுகிறாள்.

செயலருக்கு ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். என் கடிதங்களில் ஒரு வரியைக்கூட அச்சிடவோ காட்சிக்கு வைக்கவோ எனக்குச் சம்மதமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சேர்த்துவிடு. அவன் வந்து போன பிறகு சேர்ந்தால் நல்லது.

ஞானம்பாள்


செங்கல்பட்டு
26 ஜனவரி 2025

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இருபத்தொன்றாம் தேதி செயலர் மேசையில் வைத்தேன். ஏற்றுக்கொண்டார்கள், வக்கீல் விஷயம் என்றால் நூலகத்தை நடத்தும் அறக்கட்டளைக்குப் பயம். காட்சியிலும் மலரிலும் உங்கள் கடிதங்கள் வராது.

நான் இப்போது ஆவணப் பிரிவில் இல்லை. பொங்கல் விடுமுறை முடிந்து போனபோது வாசலில் பட அஞ்சலட்டையும் புத்தகமும் விற்கிற கவுண்டரில் என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஆவண அறைச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். வேலையை விட்டு நிறுத்தவில்லை, அதற்கு நன்றி சொல்ல வேண்டுமாம். கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், "இன்னா சிஸ்டர், பாத்ரூம் எந்தாண்ட?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். நாள் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் அந்த அறைக் கதவு இருக்கிறது.

இருபதாம் தேதி நீங்கள் காரிலிருந்து இறங்கியதை அங்கிருந்துதான் பார்த்தேன். வருகைப் பதிவில் உங்கள் மகன் கையெழுத்துப் போட்டார். நீங்கள் பேனாவை வாங்கி என் எதிரிலேயே பெயர் எழுதினீர்கள். அந்தக் கையெழுத்து எனக்கு எவ்வளவு பழக்கம். நான்தான் ஜாய்ஸ் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பக்கத்தில் நின்றதால் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது அவர் முன்னால் போனார். நீங்கள் மெதுவாகப் பின்னால் வந்தீர்கள். உள்ளே என்ன நடந்தது அம்மா? சொல்ல விருப்பமில்லை என்றால் வேண்டாம்.

ஜாய்ஸ்


நாவலூர்
16 மார்ச் 2025

ஜாய்ஸுக்கு,

கவுண்டரில் உட்கார்ந்திருந்த பெண் நீதானா? நீலத் துப்பட்டா. என்னையே பார்க்கிறாளே என்று நினைத்தேன். என்னால் உன் இடம் போய்விட்டது. இதற்கு என்ன எழுதுவதென்று தெரியாமல்தான் இத்தனை வாரம் எழுதவில்லை.

காரில் போகும்போதே சொல்லிவிட வேண்டுமென்று இருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக அவனுக்கு ஆபீஸ் போன். வாசிப்பறையில் ஒரு புதுப் பையன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். கார்த்தி கட்டைப் பிரிக்கப் போனான். நான் அதன் மேல் கையை வைத்தேன்.

"நான் ஒண்ணு எடுத்துத் தர்றேன். அதை மொதல்ல படி."

தேடி எடுத்தேன். காகிதம் பழுத்திருந்தது, எழுத்து அப்படியே இருந்தது. பச்சை மையும் இருந்தது. அவன் கையில் கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சிரித்த முகமாகத்தான் படித்தான். பிறகு தேதியைப் பார்த்தான். மனதுக்குள் மாதங்களைக் கூட்டுகிறான் என்று தெரிந்தது.

"இது நான்தானே?"

"ஆமாம்."

"என்னை வேணாம்னு சொல்லியிருக்கியா?"

"அப்ப நீ யாருன்னு எனக்குத் தெரியாதுடா. எனக்கு அந்த வேலை வேணும்னு கேட்டேன்."

"அப்பா ஒத்துக்கலையா?"

கீழே எழுதியிருப்பதைக் காட்டினேன். அதை அவன் ரொம்ப நேரம் பார்த்தான். அப்பாவின் கையெழுத்து அவனுக்கு உயிர். சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் எழுதிப் பழகினான். தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். திரும்பும் வழியில் கேளம்பாக்கம் தாண்டும்போது ஏசியைக் குறைக்கட்டுமா என்று கேட்டான். அவ்வளவுதான்.

பிப்ரவரியில் கண்காட்சி நடந்தது. அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். வந்தவர்கள் ஏரியைக் காத்தவர், அணையைக் காத்தவர் என்று பேசினார்கள். அதெல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. மலரில் என் படத்துக்குக் கீழே 'துணைவியார்' என்று போட்டிருந்தது. பேர் இல்லை. வாசல் கவுண்டரில் அன்று வேறு யாரோ இருந்தார்கள்.

கார்த்தி இப்போது தினமும் வருவதில்லை. போன் வரும், அப்பா சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா. என்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. கேமரா அப்படியேதான் இருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கூடத்தில் சோபாவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். போன் வரவில்லை. வந்தால் சொல்லிவிடலாம் என்று காத்திருக்கிறேன் என்றுகூட வைத்துக்கொள்.

கடிதங்களைத் திருப்பிக் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அங்கேயே இருக்கட்டும். அச்சிட வேண்டாம், மாட்ட வேண்டாம். யாராவது வந்து உட்கார்ந்து படிக்க விரும்பினால் படிக்கட்டும், நீ படித்தாயே, அது மாதிரி. ஸ்ரீதேவியிடம் கேட்டு எப்படி எழுத வேண்டும் என்று சொல். அந்தக் கடிதத்தோடு உன்னைப் பற்றியும் செயலருக்கு எழுதலாம் என்று இருக்கிறேன். நான் எழுதி எதுவும் நடந்ததில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்று அனு மட்டும் தனியாக வந்தாள். காபி போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தவள், "அத்தை, அவர் என்கிட்ட எல்லாம் சொன்னார்" என்றாள். பிறகு, "அந்த ஸ்கூல்ல உங்களுக்கு எந்த க்ளாஸ் குடுத்திருப்பாங்க?" என்று கேட்டாள்.

இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எட்டு, ஒன்பது என்று சொன்னேன். இயற்கணிதம். நேர்முகத்துக்குப் போனபோது தலைமையாசிரியை என் கையில் சாக்பீஸைக் கொடுத்து ஒரு கணக்கைப் போடச் சொன்னதையும், நான் அதை இரண்டு வழியில் போட்டுக் காட்டியதையும் சொன்னேன். அனு ஒரு பேப்பரை எடுத்து, "எப்படி, போட்டுக் காட்டுங்க" என்றாள். உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். அவள் எழுந்தாள். உட்கார் என்றேன். மறுபடி கூப்பிட்டார். "வர்றேன் இருங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, இரண்டாவது வழியையும் முழுதாகப் போட்டு முடித்த பிறகுதான் போனேன்.

ஞானம்பாள்